‘வாராய்’ என்று மட்டும் எழுதினால் எந்த ‘வாராய்’? மதுரையில் பாட்டு ஏற்றித் தரும் ஒரு கடை

டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கேசட் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுப் பதிவுக் கடை இது. பெயர் வேண்டாம். கண்ணாடி அலமாரியில் இன்னும் காலி கேசட் உறைகளை அடுக்கி வைத்திருக்கும் கடை என்று கேட்டால் அந்தப் பக்கம் யாரும் கை காட்டுவார்கள். பென்டிரைவ், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுகிறார்கள். பழைய கேசட்டையும் இசைத்தட்டையும் எம்பி3 ஆக்குகிறார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து ரேடியோ செட்காரர்களுக்கு (விசேஷங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களுக்கு) கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, பொங்கல் என்று விசேஷ வாரியாகத் தொகுத்தும் கொடுக்கிறார்கள். எல்லாம் செல்போனிலேயே கிடைக்கும் காலத்தில் இந்தக் கடைக்கு ஏன் ஆள் வருகிறது என்பதற்கும், வந்தவர்களில் பாதிப் பேர் ஏன் மறுநாள் திரும்பி வருகிறார்கள் என்பதற்கும் காரணம் ஒன்றேதான்: ஒரே பெயரில் பல பாட்டு.

தமிழில் சினிமாப் பாட்டுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. பல்லவியின் முதல் இரண்டு மூன்று சொல்தான் பெயர். கண்ணே, நிலாவே, ராசாத்தி, வாராய் என்று தொடங்காத கவிஞர் யார்? அது போதாதென்று பழைய பாட்டின் முதல் வரியைப் புதுப்படத்துக்குத் தலைப்பாக வைக்கிறார்கள், பழைய படத்தின் தலைப்பையே புதுப்படத்துக்கு வைக்கிறார்கள், பழைய பாட்டை ரீமிக்ஸ் செய்து அதே பெயரில் விடுகிறார்கள். எண்பது வருடத்துப் பாட்டை ஒரே ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கும் கடையில் இவை அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

கடைக் கணினியில் ‘வாரா’ என்று அடித்தால் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தால் போதும். ‘வாராய் என் தோழி வாராயோ’: பாசமலர், 1961, எல்.ஆர்.ஈஸ்வரி. இந்த ஜில்லாவில் பெண்ணழைப்பு என்றால் இது இல்லாமல் கிடையாது. அதற்கு அடுத்த வரியிலேயே ‘வாராய் நீ வாராய்’: மந்திரி குமாரி, 1950, ஜி.ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். கேட்க அவ்வளவு இனிமை; ஆனால் படத்தில் புருஷன் பெண்டாட்டியை மலை உச்சிக்குத் தள்ளிவிடக் கூட்டிப் போகும் பாட்டு அது. அதன் கீழே ‘வாராயோ வாராயோ’, ஆதவன், 2009. ‘வாராயோ தோழி’, ஜீன்ஸ், 1998. அதற்கும் கீழே ‘வாராரு வாராரு அழகர் வாராரு’, கள்ளழகர், 1999. சித்திரை மாதம் முழுக்க தல்லாகுளத்திலிருந்து வண்டியூர் வரை ஒலிப்பது. கல்யாண லிஸ்டில் ‘வாராய்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பென்டிரைவில் எது ஏறியிருக்கும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் பையனின் வயதைப் பொறுத்தது.

கடையின் பெரிய பலம் கல்லாவில் இருக்கும் பெரியவர். அவர் படத்தைக் கேட்பதில்லை, விசேஷத்தைக் கேட்கிறார். “அண்ணே, கண்ணான கண்ணே வேணும்” என்று ஒருவர் வந்து நின்றால், “பாப்பாவுக்கா, லவ்வுக்காப்பா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சரியான கேள்வி. பாப்பாவுக்கு என்றால் விஸ்வாசம், 2019, இமான் இசை, சித் ஸ்ரீராம் குரல். அப்பன் மகளுக்குப் பாடுவது, காதுகுத்துக்குத் தவறாமல் கேட்பார்கள். லவ்வுக்கு என்றால் நானும் ரௌடிதான், 2015, அனிருத் இசை, ஷான் ரோல்டன் குரல். இரண்டுக்கும் நடுவே நான்கே வருடம். இசையமைப்பாளர் வேறு, குரல் வேறு, ஆனால் கோப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. படத்தின் பெயர் மறந்துபோன ஆள்கூட எதற்கு என்று கேட்டால் சொல்லிவிடுவார். செல்போன் செயலிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதிகம் பேர் கேட்ட பாட்டை முதலில் தூக்கிப் போடும், அவ்வளவுதான்.

அவர் கல்லாவில் இல்லாத நேரம்தான் சிக்கல். மதியம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை ஏற்றுகிற வேலை முழுக்கப் பையன்கள் கையில். வேகமாகச் செய்கிறார்கள், மரியாதையாகவும் பேசுகிறார்கள். ஆனால் லிஸ்டில் எழுதியதை அப்படியே தேடல் பெட்டியில் அடித்து, முதலில் வருவதை இழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் நடிகர் பெயரைச் சொல்லிக் கேட்பது எல்லாவற்றிலும் ஆபத்து. “தனுஷ் படப் பாட்டு எல்லாம் போடுங்க” என்று சொல்வது எளிது. அவர் படங்களின் தலைப்பைப் பாருங்கள்: பொல்லாதவன் (2007), படிக்காதவன் (2009), மாப்பிள்ளை (2011), தங்கமகன் (2015). நாலும் ரஜினி படப் பெயர். முறையே 1980, 1985, 1989, 1983. உத்தம புத்திரன் (2010) சிவாஜியின் 1958 படம். யாரடி நீ மோகினி (2008) அதே 1958 உத்தம புத்திரனில் வரும் டி.எம்.எஸ். பாட்டின் முதல் வரி. கர்ணன் (2021) என்றால் சிவாஜியின் 1964 கர்ணன் பக்கத்தில் நிற்கிறது. ஃபோல்டர்களுக்குப் படப்பெயர் மட்டுமே இருப்பதால் பென்டிரைவில் இரண்டும் ஒன்றாகி, புதுக் கர்ணனில் ‘கண்டா வரச்சொல்லுங்க’ ஓடி முடித்ததும் சீர்காழி கோவிந்தராஜன் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ என்று ஆரம்பித்துவிடுவார். சிலருக்கு அது லாபம். இளவட்டம் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் லாபமில்லை. சிவகார்த்திகேயன் ரசிகர்களுக்கும் இதே கதி: எதிர்நீச்சல் 1968இலும் 2013இலும், காக்கி சட்டை 1985இலும் 2015இலும், வேலைக்காரன் 1987இலும் 2017இலும், மாவீரன் 1986இலும் 2023இலும், அமரன் 1992இலும் 2024இலும். இந்தப் படங்களுக்கு ஃபோல்டர் பெயரில் ஆண்டு சேர்த்துக் கேளுங்கள். பெரியவர் தானே செய்கிறார். பையன்கள் சொன்னால்தான் செய்கிறார்கள்.

தர்மதுரை மட்டும் தனிக் கதை. 1991 படத்தில் இளையராஜாவின் ‘மாசி மாசம் ஆளான பொண்ணு’. 2016 படத்தில் யுவனின் ‘ஆண்டிபட்டி கணவா காத்து’, ‘மக்க கலங்குதப்பா’. இந்த ஊர்க் கல்யாண வீட்டில் இரண்டு படப் பாட்டையுமே கேட்பார்கள் என்பதால் கடையில் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறார்கள். தெரிந்தே செய்த கலப்படம்.

அடுத்த வகை, பாட்டின் பெயரைப் படம் சுமந்து நிற்பது. ‘கண்ணே கலைமானே’ என்றால் மூன்றாம் பிறையில் (1982) யேசுதாஸ் பாடியதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்கிறார்கள். கணினியில் அடித்தால் முதலில் வருவது 2019இல் வந்த கண்ணே கலைமானே படத்தின் ஃபோல்டர், யுவன் இசை. ‘நிலாவே வா’ கேட்டால் மௌன ராகத்தின் (1986) எஸ்.பி.பி. பாட்டு வர வேண்டும்; 1998இல் வந்த விஜய் படத்தின் எல்லாப் பாட்டும் வந்து விழும். ‘வசீகரா’வுக்கு மின்னலே (2001) வேண்டும், 2003 படம் வரும். ‘தென்மேற்குப் பருவக்காற்று’ என்றால் கருத்தம்மா (1994) பாட்டா, 2010இல் வந்த படமா என்று கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் தேனி, உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டையும் தேடி வருகிறார்கள். ‘எங்கேயும் எப்போதும்’ மூன்றடுக்கு: நினைத்தாலே இனிக்கும் (1979) படத்தில் எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடியது, பொல்லாதவனில் (2007) அதன் ரீமிக்ஸ், பிறகு 2011இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம்.

இசையமைப்பாளர் பெயரைச் சேர்த்துச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். நினைவெல்லாம் நித்யா (1982) படத்தின் ‘நீதானே எந்தன் பொன்வசந்தம்’ பாட்டுக்கும் இளையராஜா, நீதானே என் பொன்வசந்தம் (2012) படத்துக்கும் இளையராஜா. உற்றுப் பார்த்தால் பாட்டில் ‘எந்தன் பொன்வசந்தம்’, படத்தில் ‘என் பொன்வசந்தம்’. அந்த வித்தியாசத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவர் கடையில் பெரியவர் ஒருவர்தான். பாரதி பாட்டு என்று சொல்வதும் உதவாது. ‘சுட்டும் விழி’ கண்டுகொண்டேன் கண்டுகொண்டேனில் (2000) ஹரிஹரன் குரலில் பாரதியின் வரிகள். ‘சுட்டும் விழிச் சுடரே’ கஜினியில் (2005) ஸ்ரீராம் பார்த்தசாரதியும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய வேறு பாட்டு. ‘சின்னஞ்சிறு கிளியே’ மணமகள் (1951) படத்தில் எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடியது பாரதி. முந்தானை முடிச்சில் (1983) எஸ்.பி.பி., ஜானகி பாடியது பாரதி அல்ல. பள்ளி ஆண்டு விழாவுக்கு பாரதி பாட்டு கேட்டு வருகிறவர்கள் கவனிக்க.

கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. ன, ண, ந மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும். ல, ள இரண்டும் ஒன்று. நெடிலுக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், இன்னொருவர் ஒன்று. விளைவு, ஒரே பாட்டு நாலு எழுத்துக்கூட்டலில் நாலு தடவை இருக்கும், வேறு வேறு பாட்டு ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும். தமிழில் பெயர் மாற்றித் தரவும் கடையில் ஆள் இருக்கிறது, ஆனால் பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோதான் தெரியும். வண்டிக்கு என்றால் ஆங்கில எழுத்திலேயே விட்டு, பெயருக்குப் பின்னால் படமும் ஆண்டும் சேர்த்துக் கேட்பது நல்லது.

ஒரே படத்துக்குள்ளேயே ஒரே பெயரில் இரண்டு பதிவு இருப்பது இன்னொரு பொறி. கருத்தம்மாவின் ‘போறாளே பொன்னுத்தாயி’ பாட்டை உன்னிகிருஷ்ணனும் சுஜாதாவும் பாடியது சந்தோஷத்துக்கு. ஸ்வர்ணலதா பாடியது, அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது, நெஞ்சைப் பிழியும் சோகம். பொண்ணு புறப்படும் நேரத்துக்கு என்று இந்தப் பாட்டைக் கேட்பார்கள். ஸ்வர்ணலதா பதிவு மட்டும் ஏறியிருந்தால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லிஸ்டில் ‘ஜோடிப் பாட்டு’ அல்லது ‘சோகம்’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடையில் இரண்டும் இருக்கின்றன, தரமான பதிவாகவே.

ரீமிக்ஸ்களில் பெயரை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, குரலைச் சொல்ல வேண்டும். பில்லாவில் ‘வெத்தலையப் போட்டேண்டி’ மலேசியா வாசுதேவன் குரல் என்றால் 1980, சங்கர் மகாதேவன் குரல் என்றால் 2007.

பக்திப் பாட்டில் கடை நன்றாகவே செய்கிறது, ஒரே ஒரு இடம் தவிர. ‘உள்ளம் உருகுதையா’ என்று முருகன் கோயிலுக்குக் கேட்டால் டி.எம்.எஸ். குரலில் வருவதைத்தான் கொடுக்க வேண்டும். எதற்கும் துணிந்தவன் (2022) படத்தில் இமான் இசையில் அதே தொடக்கத்தில் ஒரு காதல் டூயட் இருக்கிறது. சோதித்துப் பார்த்ததில் கடையின் ‘முருகன்’ ஃபோல்டருக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது. டி.எம்.எஸ். பிறந்த ஊரில், திருப்பரங்குன்றத்துக்கு நாலு மைல் தூரத்தில்! சுட்டிக்காட்டியதும் எடுத்துவிட்டார்கள் என்றாலும், பக்தி ஃபோல்டரை மொத்தமாக வாங்கிப் போகிறவர்கள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ கேட்கும்போது கந்தன் கருணை (1967) படப் பதிவா, சூலமங்கலம் சகோதரிகள் பாடிய தனி இசைத்தட்டா என்று பெரியவரே கேட்டார். சுசீலா குரல் இருந்தால் படம். இந்தக் கேள்வியைக் கேட்கிற கடை வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

இனி, பாட்டு காணாமல் போவது எப்படி என்பது. இதைப் பலரும் பென்டிரைவ் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடையின் டிஸ்கில் 80கள், 90கள், 2010கள் என்று பத்து வருட ஃபோல்டர்கள் தனித்தனி, அவற்றுக்குள்தான் படப்பெயர் ஃபோல்டர்கள். அதனால் இரண்டு ‘கண்ணான கண்ணே’யோ இரண்டு ‘சின்னஞ்சிறு கிளியே’யோ அங்கே முட்டிக்கொள்வதில்லை. வாடிக்கையாளரின் பென்டிரைவில் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடும்போதுதான் முட்டுகின்றன. ‘இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது’ என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். பழையதை நீக்கிப் புதியதைப் போடு, இதை விட்டுவிடு, இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய் என்று மூன்று வழி. பையன் முதல் வரியை அமுக்குவான். ஒரு பாட்டு போயிற்று. எந்தச் சத்தமும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மூன்றாவது வழியில் போய் இரண்டு பக்கமும் டிக் அடித்தால்தான் ஒன்றுக்கு (2) என்று எண் போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளும். நெரிசலான நாளில் அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். கடையை விட்டு இறங்குவதற்கு முன் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, பண்புகளில் எத்தனை கோப்பு என்று பார்க்கச் சொல்லுங்கள். லிஸ்டில் 200 இருந்து அங்கே 196 காட்டினால் நாலு பாட்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. லிஸ்டை எடுத்து ஒரே பெயர்கள் எவை என்று பார்த்தால் இரண்டு நிமிடத்தில் அகப்பட்டுவிடும். வராமலே தடுக்க, ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் மூன்று இலக்க எண் கேளுங்கள்: ‘014 வாராய் என் தோழி - பாசமலர் 1961 - ஈஸ்வரி’ என்ற மாதிரி. எண் இருந்தால் எந்த இரண்டு பெயரும் ஒன்றாகாது. இதற்குப் பாட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள், கொடுக்கலாம்.

ரேடியோ செட்காரர்களுக்கு அந்த எண் வெறும் அலங்காரமில்லை. ஆம்ப்ளிஃபயரில் பொருத்தி வரும் மலிவான யுஎஸ்பி பலகையில் பாட்டுப் பெயர் தெரியாது, சிவப்பு எண் மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் அது அகர வரிசையிலும் ஓட்டாது; பென்டிரைவில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில்தான் ஓட்டும். ஆகவே 001இலிருந்து வரிசையாகக் காப்பி செய்ய வேண்டும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டு இன்னொன்றை ஏற்றினால், அழித்த இடத்திலோ கடைசியிலோ அது போய் உட்காரும். கையில் வைத்திருக்கும் காகித லிஸ்டும் சிவப்பு எண்ணும் அதற்குப் பிறகு ஒத்துப்போகாது. திருத்தம் இருந்தால் பென்டிரைவை முழுக்க ஃபார்மட் செய்து மறுபடி முதலிலிருந்து ஏற்றச் சொல்லுங்கள். கடையில் இதை முணுமுணுக்காமல் செய்கிறார்கள், அச்சடித்த லிஸ்டும் கூடவே தருகிறார்கள். ஃபேட்32 முறையில் (பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறை) ஃபார்மட் செய்யச் சொல்வது முக்கியம். 64 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற புது முறையில் வருகின்றன, பழைய பலகைகள் அதைத் திறக்கவே திறக்காது. செட்டுக்கு 16 ஜிபி தாராளம்.

ஒலித்தரம் பற்றி. 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) பதிவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, 320இல் 2.4 எம்பி. நாலரை நிமிடப் பாட்டு 320இல் 11 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் 1990க்கு முந்தைய பாட்டுகளில் பெரும்பகுதி நல்ல பதிவு. பழையவற்றில் சில, கடையிலேயே இசைத்தட்டிலிருந்து எடுத்தவை. 78 சுழற்சித் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் போலத்தான் கொள்ளும் என்பதால், படத்தில் வரும் ஒரு சரணம் தட்டில் இல்லாமல் இருக்கலாம். பாட்டுப் பாதியில் வெட்டுப்பட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம். 2000த்துக்குப் பிந்தைய ஃபோல்டர்தான் மோசம். 320 என்று காட்டும் கோப்புகளில் கணிசமானவை 128ஐ ஊதிப் பெரிதாக்கியவை. அலைமாலைப் படம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்ற படம்) காட்டும் இலவச மென்பொருளில் போட்டால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும். உண்மையான 320 என்றால் 20 வரை போகும். குழாய் ஸ்பீக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, குழாய் அவ்வளவு மேலே போகாது. காரில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஜால்ரா, சலங்கைச் சத்தம் சரசரவென்று தேய்ந்து கேட்கும்.

கோப்புக்குள் எழுதியிருக்கும் படப்பெயர், ஆண்டு போன்ற டேக் விவரங்களையும் நம்ப வேண்டாம். பழைய பாட்டுகள் பிற்காலத் தொகுப்பு ஆல்பங்களிலிருந்து எடுக்கப்படுவதால், படப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகுப்பின் பெயரும், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் தொகுப்பு வெளியான ஆண்டும் இருக்கும். எண்பதுகளின் பாட்டு 2012 என்று காட்டும். கார் ஸ்டீரியோவில் ஆல்பம் வாரியாக ஓட்டினால் ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து இடத்தில் சிதறிக் கிடப்பது இதனால்தான். ஃபோல்டர் வாரியாக ஓட்டுங்கள்.

கேசட் மாற்றும் வேலையில் இந்தக் கடை மதுரையில் நம்பிக் கொடுக்கலாம் என்ற தரத்தில் இருக்கிறது. கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன்னால் பெரியவர் அதைக் கவிழ்த்து, நடுத்துளைக்கு உள்ளே ரீலை ஹெட்டோடு (டெக்கில் ஒலியைப் படிக்கும் முனையோடு) அழுத்தும் சின்னப் பஞ்சு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறார். பசை காய்ந்து பஞ்சு விழுந்திருந்தால் சத்தம் மேலும் கீழும் அலையும். வேறு காலிக் கேசட்டிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறார். அலமாரியில் அந்தக் காலி உறைகள் இருப்பதன் ரகசியம் இதுதான். பிறகு ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ சத்தம் தெளிவாகும் இடத்தில் நிறுத்துகிறார். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் பதிவானது என்பதால் இந்தச் சாய்வு கேசட்டுக்குக் கேசட் மாறும். இதைச் செய்யாமல் எடுத்த பதிவு போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஓட வேண்டும், குறுக்கு வழி கிடையாது. அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போகச் சொல்கிறார். முதலில் வாவ் என்ற சுருக்காத கோப்பாக எடுக்கிறார்கள், நிமிடத்துக்குப் பத்து எம்பி, அதிலிருந்துதான் எம்பி3. இரைச்சல் நீக்கம் என்று ஒன்றை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள், அதில் வயலின் மூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. வாவ் பிரதியை, சுத்தம் செய்யாததை, தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேயும் பெயர்க் குழப்பம் துரத்துகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதிவு செய்து வாங்கிய கேசட் உறையில் அட்டைக்கு இடமில்லாமல் ‘ராசாத்தி’, ‘நிலாவே’, ‘கண்ணே’ என்று முதல் சொல்லை மட்டும் எழுதியிருப்பார்கள். ‘ராசாத்தி உன்ன’ என்றால் வைதேகி காத்திருந்தாள் (1984), ‘ராசாத்தி என் உசுரு’ என்றால் திருடா திருடா (1993). கேசட் எந்த வருடத்தது என்பதை வைத்தே பாதி தீர்ந்துவிடும். பையன்கள் கேட்டுப் பார்க்காமல் செல்போன் செயலியிடம் காட்டிப் பெயர் எழுதுகிறார்கள். செயலி பல சமயம் ரீமிக்ஸின் பெயரையோ தொகுப்பு ஆல்பத்தின் பெயரையோ சொல்லிவிடுகிறது. பெயர் எழுதும் வேலைக்கு மட்டும் பெரியவரையே கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் கூடுதலாகும்.

விலை: சொந்த பென்டிரைவில் அவர்கள் தொகுப்பை அப்படியே ஏற்ற 150 ரூபாய், லிஸ்ட் கொடுத்தால் பாட்டுக்கு 2 ரூபாய், கேசட் ஒன்றுக்கு 200. படப் பாட்டை நகலெடுத்து விற்க உரிமை வாங்கியிருக்கிறார்களா என்ற கேள்விக்கு இந்த மாதிரிக் கடை எதிலும் நேரான பதில் வராது, இங்கேயும் வரவில்லை. ஒலிப்பதிவுக்கு நம் சட்டத்தில் வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடம் உரிமை உண்டு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் அது தனிக் கணக்கு. உங்கள் சொந்தக் கேசட்டை மாற்றி வாங்குவதில் அந்த உறுத்தல் குறைவு.

போகும் நேரம் காலை பத்தரையிலிருந்து ஒரு மணிக்குள். ஞாயிறு அரை நாள். பங்குனி, சித்திரை, வைகாசியில் செட்காரர்கள் கூட்டம் நெரியும், கேசட் வேலையை அப்போது வாங்குவதே இல்லை. ஆடியில் கொடுத்தால் ஆவணிக்குள் கிடைக்கும். லிஸ்டைத் தமிழிலேயே எழுதி எடுத்துப் போங்கள்: பாட்டின் முதல் நாலு சொல், படம், வருடம் அல்லது கதாநாயகன், குரல். வருடம் தெரியாவிட்டால் என்ன விசேஷத்துக்கு என்று எழுதினாலும் பெரியவர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.